மண்டி

சம்ப் நட்டைக் கழட்டினால்
ஒயில் நூலாய் வடியவேணும்.
வடியவில்லை.
கொஞ்ச நேரம் ஒரு அசுமாத்தமும் இல்லை.
பேந்து, அகப்பையை விட்டு விழ மனமில்லாத
உளுத்தங்களி மாதிரி
ஒரு கட்டி,
அதுக்குப் பின்னால் இன்னொன்று,
தொப்பென்று தாச்சிக்குள்.

கோண்டாவில். காலை ஒன்பதரை.
கார்க்காரி குனிந்து பார்க்கிறா.
யசோதினி; கச்சேரியில் வேலை, அரைநாள் லீவு.
“மச்சான்ரை கார் றெக்சன் அண்ணை. தையிலைதான் வாங்கினது.
ஐயாயிரத்துக்கு ஒருக்கா ஒயில் மாத்தினதெண்டு
சத்தியம் பண்ணினவர்.”

முன்கண்ணாடி மூலையில் ஸ்டிக்கர் இருக்குது.
திகதி, கிலோமீற்றர், திரும்பத் திகதி, கிலோமீற்றர்.
ஆறு வரி.
ஆறும் ஒரே நீலப் பேனை, ஒரே சரிவு,
ஒரே இருப்பில் இருந்து எழுதின எழுத்து.
நான் வாய் திறக்கவில்லை.
எனக்குக் கூலி நட்டுக் கழட்டத்தான்.

பில்டரைத் தகரம் வெட்டுகிற கத்தியால் பிளந்து,
மடிப்புத் தாளை உருவி,
பிழிந்து,
வெயிலில் விரித்தேன்.
மினுங்கிச்சுது.
“வடிவாயெல்லோ கிடக்கு” என்றா.
வடிவாய் இருக்கக்கூடாத இடம், தங்கச்சி.

போன வருசத் திருவிழாவில் எரிந்துபோன
ஒரு ஸ்பீக்கரின் காந்தம் என்னிடம் உண்டு.
தாளின் கீழே அதை மெல்ல இழுத்தேன்.
பாதித் தூள் மயிர்க்கூச்செறிந்து எழும்பி
காந்தம் போன பக்கமெல்லாம் போச்சுது.
அது இரும்பு. எந்த எஞ்சினும் கொஞ்சம் உதிர்க்கும்.
மற்றப் பாதி
கூப்பிட்டும் திரும்பவில்லை.
செம்பு.
பேரிங்கின் மேல்தோல் போய் உள்தோல் வெளியே வந்திட்டுது.

“ஃபிளஷ் ஊத்தி ஒரேயடியாய்க் கழுவேலாதோ?”
ஒரு கையில் போன். கட்டைவிரல்
மச்சானின் பெயருக்கு மேலே நிற்குது.

கழுவலாம்.
இவ்வளவு நாளும் ஒட்டியிருந்தது
ஒரேயடியாய்க் கழண்டால்
நேரே சல்லடைக்குத்தான் போகும்.
ஒயில் ஏறாது.
கொடிகாமம் தாண்ட முதல் எஞ்சின் இறுகிப் போகும்.
ஒரு கலியாண வானுக்கு அப்படி நடந்தது.
பொம்பிளையைப் பஸ்ஸில் ஏத்தி அனுப்பினது.

அதாலை, சம்பை இறக்குவம்.
சல்லடையை மண்ணெண்ணெயில் போட்டு
பல்லுத் தீட்டுகிற பிரஷ்ஷால் தேய்ப்பம்.
மலிவான ஒயில் ஊத்தித் தாறன்,
ஐந்நூறு கிலோமீற்றர், அவசரப்படாமல்,
பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறை போய் வாங்கோ.
பேந்து வடிப்பம். பேந்து ஊத்துவம்.
ஒவ்வொருக்காலும் தாளை வெட்டிப் பார்ப்பம்.
செம்பு குறைஞ்சால் தப்பிச்சுது.
கூடினால் பிறகு காசுக்கதைதான்.

போனைப் பைக்குள் வைத்தா.
“அந்தத் தாளைத் தாங்கோ.”
சொப்பிங் பையில் சுற்றி
சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் செருகினா.
மண்டியை நான் பரலில் ஊற்றி மூடினேன்;
நிலத்தில் ஊற்றுகிறதில்லை,
சுன்னாகத்தில் என் சகோதரி வீட்டு வாளித் தண்ணியில்
வானவில் கண்டவன் நான்.

மூன்று கிழமையால் வந்தா.
ஒயில் கறுப்புத்தான், ஆனால் வடிந்தது.
தாளைத் தானே விரித்து
ஊசியால் ஒவ்வொன்றாய்த் தட்டி எண்ணினா:
செம்பு, ஏழு.
முந்தி எண்ண ஏலாது.
“ஏழு நல்லதோ?”
தெரியாது. இன்னும் ஐந்நூறு ஓடுங்கோ.

அந்தத் தாளை மச்சானுக்குக் காட்டினாவோ,
காட்டினால் அந்தாள் என்ன சொன்னதோ,
நான் கேட்கவில்லை.
பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தா.
புதிசை என்னட்டை எழுதத் தரவில்லை,
தானே எழுதினா, கறுப்புப் பேனை,
ஒரேயொரு வரி.

கண்ணாடியில் பழசின் பசை
நாலு மூலையாய் அப்படியே கிடக்குது.
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகும்.
அவ கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.