நூற்று எண்பது கிராம்

படகு லூர்துசாமியுடையது.
நாகலூரில் அவன் காப்பித் தோட்டத்துக் குட்டையோரம்
மூன்று மழைக்காலம் கவிழ்ந்தே கிடந்தது.
துடுப்புகளை யாரோ அடுப்பெரித்துவிட்டார்கள்.
"நீதான் கைவேலைக்காரனாச்சே" என்று
காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் ஒன்றைப் பலகையாக அறுத்து
தக்காளி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டான்.

நான் கொலுசு செய்கிறவன்.
பனங்காட்டில் என் வீட்டின் மிகப் பெரிய சுத்தியல்
கட்டைவிரல் அளவு.

பலகை மாடிப்படித் திருப்பத்தில் முரண்டு பிடித்தது.
சுவரில் ஒரு கீறல் போட்ட பிறகு ஏறியது.
கட்டிலைக் கவிழ்த்துப் பட்டறையாக்கினேன்.
ஃபெவிகால் காயும்வரை இறுக்கிப் பிடிக்க
சைக்கிள் ட்யூப்.
காலண்டர் அட்டையில் அலகின் பாதியை வரைந்து
மடித்து வெட்டினேன்.
எதிர்மாடியில் மிளகாய் காயவைத்த ஜைத்தூன் அக்கா
கொஞ்ச நேரம் பார்த்தார்.
வானத்தைப் பார்த்தார்.
"ஏந்தம்பி, நியூஸ்ல எதாச்சும் சொன்னாங்களா?"

தண்டுக்கு முதலில் நாலு பட்டை.
மூலைகளைச் சீவினால் எட்டு.
எட்டின் மூலைகளைச் சீவினால் பதினாறு.
அதற்குமேல் எண்ண முடியாது,
மூடிய உள்ளங்கைக்குள் உருட்டிப் பார்க்க வேண்டியதுதான்.
வெள்ளிக்கம்பிக்கு அச்சு உண்டு;
துளை துளையாக இழுக்க, அது பாட்டுக்கு இளைக்கும்.
மரம் ஒவ்வொரு சாணிலும் தனியாகச் சண்டை போட்டது.
கணு வந்த இடத்தில் இழைப்புளி துள்ளி
என் விரலையும் சேர்த்து இழைத்தது.

சுருள்களை வீசக் கை வரவில்லை.
தரைத்தூசியைக் கழுவி வெள்ளி எடுக்கிற தொழில் எங்களுடையது.
மூன்று சாக்கு சேர்ந்தது.
இந்திராணி ஒரு ஞாயிற்றுக்கிழமை
வெந்நீர் அடுப்பில் போட்டுத் தீர்த்தாள்.

உப்புத்தாள் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி,
கொளுவியில் உரசும் இடத்துக்குப் பழைய பெல்ட்டின் தோலைச் சுற்றி,
பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தேன்.
ஒன்று இரண்டு கிலோ நூற்று நாற்பது.
மற்றது இரண்டு கிலோ முந்நூற்று இருபது.
ஒரே நீளம், ஒரே அலகு, ஒரே மரம்.

ஒரு ஜோடியில் அரை கிராம் கூடினால்
செவ்வாய்ப்பேட்டைக்காரர் மூஞ்சியில் எறிவார்.
இருபத்தாறு வருடமாக நான் ஜோடி பார்த்தே பிழைத்தவன்.
நூற்று எண்பது கிராம்!
வெள்ளியென்றால் போலீஸ் வரும்.

"போடுற கால் ரெண்டும் ஒரே எடைன்னு
யாராச்சும் நிறுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு
இந்திராணி சீரியலுக்குப் போய்விட்டாள்.
எனக்குத்தான் தூக்கம் போனது.

ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.
"ரெண்டுக்கும் ஒரே சார்ஜ்தாங்களா?" என்று
கேட்டேவிட்டேன்.
முறைத்தார்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
துடுப்புகள் வலம் சரிந்து, இடம் சரிந்து,
பஸ்ஸை அவையே மேலே வலித்தன.

குட்டை பச்சைப் பாசி.
ஏறி உட்கார்ந்து நான்கு வலி வலித்தேன்.
படகு திரும்பியது.
மறுபடி வலித்தேன்.
மறுபடி திரும்பி, கோயில் சுற்றுவதுபோல்
வலமாகவே வந்தது.
கனத்ததைக் கை மாற்றிப் போட்டேன்.
அப்போதும் வலம்.

"டேய், துடுப்பை ஏன்டா பாக்கறே," கரையிலிருந்து லூர்துசாமி,
"சுத்தியல் புடிச்ச கை இழுக்குது, மத்தது சும்மா நனையுது!"
சட்டைக்கையைச் சுருட்டிப் பார்த்தேன்.
வலது கை ஒரு ஆளுடையது.
இடது அவன் தம்பியுடையது.
இதில் எந்தப் பக்கம் சீவுவது,
எந்தப் பக்கம் ஒட்டுவது?

நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது.
முதலில் மிளகுக்கொடி போனது,
பிறகு கரை, பிறகு லூர்துசாமி,
அப்புறம் அவன் இருமல்.
நேராகப் போகிறவனாயிருந்தால் பயந்திருப்பேன்.
நான் வலித்துக்கொண்டேயிருந்தேன்,
எப்படியும் கிளம்பிய இடத்துக்குத்தான்
வரப்போகிறேன் என்ற தைரியத்தில்.