பழுதான பிரதி – 1

முதலாவது, சுவிசில் இருந்து தர்மிளாவின் அண்ணன் அனுப்பியது.
கொளுக்கி ஆறு, வார் எட்டு,
ஜேர்மன் மொழியில் ஒரு புத்தகம்,
பனிக்குக் காது மூட ஒரு தொப்பி.
எனக்கு ஓர் அளவு, அவளுக்கு ஓர் அளவு:
வாரில் சிவப்புப் பேனைக் கோடு நான்,
நீலக் கோடு அவள்.
சித்திரை வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு
களுவாஞ்சிக்குடிச் சந்தை வரைக்கும் போய்வந்தேன்.
எனக்கும் பிள்ளைக்கும் நடுவில்
ஒரு பானைச் சோறு அவிந்தது.
இரவு அவள் கன்னத்திலும் என் நெஞ்சிலும்
ஒரே வேர்க்குரு,
ஒரே பவுடர்.

இரண்டாவது, வளையம் வைத்த துணி.
படத்தைப் பார்த்துச் சபாநேசன் தைத்தான்.
வளையம் இரண்டும் மோட்டார் சைக்கிள் கடையில்.
பிள்ளையை வைக்க முதல்
ஐந்து கிலோ அரிசியை வைத்துப் பார்த்தேன்.
வீட்டுக்குள் மூன்று சுற்று.
அரிசி அழவில்லை, நல்ல சுபாவம்.
நாலாவது சுற்றில் வளையம் வழுக்கியது.
கட்டிலுக்குக் கீழும் அரிசி.
தர்மிளா ஒன்றும் சொல்லவில்லை.
கோழிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

மூன்றாவதுக்கு
அவளுடைய மருதமுனைச் சேலையை எடுத்து
நீளவாக்கில் வெட்டவா என்று கேட்டேன்.
யோசித்தாள்.
பிறகு கத்தரிக்கோலை அவளே வாங்கினாள்.
மாம்பழ நிறம், பச்சைக் கரை.
கரை உள்ள பாதி தனக்கென்றாள்.

லீவு முடிந்த திங்கட்கிழமை
கல்முனை பஸ்சில் அவள் ஏறினாள்.
நெஞ்சில் குறுக்காக மாம்பழப் பாதி,
அதற்குள் கவிஷ்னா.
கடையைத் திறந்தேன்.
பக்கத்துக் கூல்பாரின் பிரிஜ்ஜில்
நெக்டோப் போத்தல்களுக்கு நடுவே
பேர் எழுதி ஒட்டிய பால்.

"என்னகா, கங்காரு கடை திறந்திட்டா?"
ஆட்டோ ஸ்டாண்டில் இருந்து ஒருத்தன்.
மற்றவன் சிரித்தான்.
மூன்றாவது ஆள் இறங்கி வந்து,
அடையாள அட்டை ரெண்டு கொப்பி என்று சொல்லி,
மெதுவாகக் கேட்டான்:
"இந்த முடிச்சு எப்படி?"
அவன் வீட்டிலும் நாலு மாதம்.

அவளுக்கு என் பாட்டுப் பிடிக்காது.
மெசின் ஓடினால்தான் கண் சொருகும்.
வேலை இல்லாத நேரமும்
வெள்ளைத் தாளை வெள்ளைத் தாளாகவே கொப்பி அடித்தேன்.
டோனர் விலை எனக்குத் தெரியும்.
வெளிச்சம் அவள் முகத்தில் படாமல்
பக்கவாட்டில் நின்று நின்று
இடது இடுப்பில் ஒரு நோ.
கிராம சேவகர் கடிதம், பாங்குப் புத்தகம்,
காணி உறுதி, ஆருடையவோ இரத்தப் பரிசோதனை,
எல்லாம் அவள் உச்சிமோந்தபடியே பிரதியானது.
நெஞ்சில் எச்சில் வட்டம் ஒன்று
பகல் முழுக்கக் காயவில்லை.

ஒரு வியாழன், மத்தியானம்.
பிறப்புப் பதிவை எடுக்க மூடியைத் தூக்கினேன்.
துணிக்கு வெளியே தொங்கிய கால்
கண்ணாடியில் போய்க் குந்தியது.
என் முழங்கை பொத்தானில்.
பச்சை வெளிச்சம்
குதிக்கால் தொட்டு விரல்வரை போனது.
அவள் கூசி என்னை உதைத்தாள்.

மறுபக்கத்தால் தாள் வந்தது, சூட்டோடு.
கறுப்பில் ஒரு உள்ளங்கால்.
ஐந்து விரல்,
ஒன்றுக்கொன்று சண்டை பிடித்த மாதிரி.
இன்னும் ஒரு அடியும் நடக்காத கால்.
ஓரத்தில் கொஞ்சம் கைத்தறி இழையும்
விழுந்திருந்தது.

பின்னேரம் ஐந்தேகாலுக்கு அவள் பஸ்சால் இறங்கினாள்.
சட்டை முன்பக்கம் நனைந்து,
அதைக் கைப்பையால் மறைத்து.
பச்சைக்கரைப் பாதியைப் பஸ்சிலேயே
சுற்றிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்,
வெறுமையாக.
நான் முடிச்சை அவிழ்க்க அவிழ்க்க
அவளுக்குள் இறங்கியது பிள்ளை.
என் நெஞ்சில் திடீரென்று காற்று.

பூட்ட முதல் கணக்குக் கொப்பியை எடுத்தேன்.
கறுப்பு வெள்ளை நூற்றிப் பதினெட்டு.
கலர் நாலு.
பழுதான பிரதி ஒன்று.

அதை மட்டும்
வீட்டுக்குக் கொண்டுபோனேன்.