மெய்யெழுத்து

வெள்ளவத்தைப் பிளாட்டுக்கு இலக்கம் இருந்தது,
நான்காம் மாடி, இடப்பக்கக் கதவு.
இங்கே தபால்காரர் கேட்டது
"எந்தக் குளம்?"
ஈச்சங்கட்டுக்குளம் என்றேன்.
"கட்டுக்கு மேற்கோ, வான் பக்கமோ?"
லொறியிலிருந்து இன்னும் இறங்காத நிர்மலன்
கையைத் தூக்கி ஏதோவொரு திசையைக் காட்டினான்.
அதுவே எங்கள் விலாசமாயிற்று.

வவுனியாவிலிருந்து ஓட்டோவில் பதினைந்து நிமிடம்.
"வரலாறு உள்ள அயல்" என்று
தரகர் மூன்று தரம் சொன்னார்.
அதற்கென்று தனியாகக் காசு கேட்கவில்லை.
கதவுநிலையில் சிவப்பு மையால் ஓர் எண்.
மின்சாரக் கணக்காக்கும் என்று
நிர்மலன் டயறியில் குறித்துக்கொண்டான்.
வெடி தேடி வந்தவர்கள்
இல்லை என்று கண்டு எழுதிப்போனது அது என்பதைக்
கடைக்கார அரியமலர்
சீனி நிறுத்தபடி சொன்னா.
டயறியில் அவன் அதை வெட்டவில்லை.

முதல் கிழமை நித்திரையில்லை.
கடற்கரை ரயில் வந்து
அலுமாரிக் கோப்பைகளைக் கிலுக்கிவிட்டுப் போகவேண்டிய நேரம்
வந்து, ஒன்றும் கிலுங்காமல், போகும்.
இரண்டு மணிக்கு நிர்மலன் எழும்பி
விசிறியை ஐந்தில் வைப்பான்,
மார்கழிக் குளிரில்,
சத்தத்துக்காக.

இருபத்தாறு வருடம் பத்திரிகையில் பிழை பார்த்தவள் நான்.
இப்போது பக்கங்கள் கைபேசிக்கு வருகின்றன,
ஆனால் சிக்னல் குளக்கட்டில் மட்டும்தான்.
ஆகவே மாலையில் கட்டில் ஏறி நின்று
அமைச்சர்களின் ஒற்றுகளைத் திருத்துகிறேன்.
எருமைகள் அலைகரையில் நின்று பார்க்கும்.

துருசு தாண்டி, வளைவில்,
பழஞ்செங்கல் குவியலுக்கு முன்னால்
ஒரு கபிலநிறப் பலகை.
மூன்று மொழியில், தமிழும் உண்டு:
தொல்பொருள திணைக்களம்.

சந்தியை மன்னித்துவிட்டேன்.
புள்ளியை முடியவில்லை.

எத்தனையோ நூற்றாண்டு, எத்தனையோ அரசர்,
யார் சுட்ட கல், யாருடைய குளம் என்று
பலகைகள் அடிபட்டுக்கொள்ளட்டும்.
எனக்கு அந்த ளகரம்
தலையில் ஒன்றுமில்லாமல் வெயிலில் நிற்பதுதான் உறுத்தியது.

கடைசிக் காட்போட் பெட்டியில்
என் கந்தோர் லாச்சிச் சாமான்களோடு
டிப்பெக்ஸ் கிடைத்தது.
அன்றைக்கே மழை பிடித்தது.
ஆறு நாள். குளம் நிரம்பி வான் பாய்ந்தது.
அந்த இரைச்சலில்
நிர்மலன் விசிறியை மறந்து தூங்கினான்.

ஏழாம் நாள் ஏறிப்போனேன்.
புள்ளி இருந்தது.

வெள்ளையாய், தடித்து, கொஞ்சம் வலப்பக்கம் சரிந்து,
ஒரு விரல்நுனி அளவில்.
தொட்டேன். சுண்ணாம்பு.
இன்னும் ஈரம்.

புள்ளி வைத்தால் உயிர் இறங்கிவிடும்,
மெய் மட்டும் நிற்கும்.
பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது.
அந்த இடத்தில் நின்று நினைக்கும்போது
வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

மிச்சக் காசு தரும்போது
அரியமலரின் சுட்டுவிரலைப் பார்த்தேன். சுண்ணாம்பு.
தபால்காரரின் விரலில் சுண்ணாம்பு.
பால் கொண்டுவரும் சிவக்கொழுந்து,
மின்கம்பம் பார்க்க வந்த பொடியன்,
துருசுக் கதவு திறக்கும் பரராசா,
எல்லார் விரலிலும்.
இந்த ஊர் முழுக்க வெற்றிலை போடுகிறது.
யாரிடம் கேட்பது?

கேட்கவில்லை.
திரும்பிப் போய்ப் பலகையை
என் தொழிலின்படி, முதலிலிருந்து, எழுத்தெழுத்தாக வாசித்தேன்.
மூன்றாம் வரியில் இன்னொன்று விடுபட்டிருந்தது,
ஒரு மகரம்.
யாரோ பார்க்கத் தவறியதோ,
பார்த்துவிட்டு விட்டுவைத்ததோ.

அதை நான் வைத்தேன்.
டிப்பெக்ஸ் வெள்ளை
சுண்ணாம்பு வெள்ளையைவிடச் சற்று நீலம்.
விசயம் தெரிந்த ஆள் கட்டால் நடந்து வந்தால்
கண்டுகொள்ளும்,
புதிதாக யாரோ
குடிவந்திருக்கிறார்கள் என்று.