மருந்து அடிக்கப்பட்டது

வெள்ளிங்கிரி வந்தபோது
வெயில் வீதியில் இன்னும் முழங்கால் உயரம்தான்.
முதுகில் நீல டப்பா, வாயைச் சுற்றித் துண்டு,
கையில் கையெழுத்து வாங்கும் நோட்டு.
"மூணாம் வீதிங்க. களைக்கு மருந்து.
கதவெல்லாம் சாத்திக்கச் சொல்லுங்க."

கதவைச் சாத்தி என்ன செய்ய?
பனியன் கம்பெனி லைன் வீடுகளில்
பதினோரு குழந்தைகள்.
அவ்வளவு பேருக்கும் சேர்த்து
செருப்பு ஆறு ஜோடி.

நான் பாய்லர்க்காரி.
சம்பளச் சீட்டில் அப்படி இல்லை,
'உதவி' என்று போட்டிருக்கும்.
இஸ்திரி மேசைகளுக்கு ஆவி அனுப்புகிறேன்.
ராத்திரி எட்டரைக்கு அடுப்பைத் தணித்து
வால்வைத் திறந்தால்
கொதிக்கக் கொதிக்கச் சாக்கடைக்குப் போகும்
நாலு குடம் தண்ணீர்.

அதைச் சொன்னேன்.
ஒரு மாசம் பொறுங்க என்றேன்.
வெள்ளிங்கிரி தன் கையைப் பார்த்துக்கொண்டார்.
மணிக்கட்டு வரைக்கும் தோல்
வெங்காயச் சருகாட்டம் உரிந்திருந்தது.
"மேஸ்திரி கேட்டா?"
"என்னையக் கை காட்டுங்க."

அன்றிரவே ஊற்றினேன்.
கல் இடுக்கில் பார்த்தீனியம்
வெள்ளைப் பூவோடு குழைந்து சாய்ந்தது,
கடையப் போட்ட கீரையாட்டம்.
மூக்குத்திப்பூண்டு மறுநாள் மத்தியானம் கருகியது.
குப்பைமேனி இன்னொரு தரம் கேட்டது.
கோரை மட்டும்
ஐந்தாம் நாள் காலையில்
இஸ்திரி போட்ட சட்டையாட்டம்
விறைப்பாக எழுந்து நின்றது.

கிழங்கு ஆழத்தில் கிடக்கிறது.
என் தண்ணீர் நாலு விரற்கடைக்குள் ஆறிவிடுகிறது.
ஞாயிற்றுக்கிழமை களைக்கொத்தோடு குந்தினேன்.
ஒரு கிழங்கு வந்தால் அதன் நூலில் இன்னொன்று,
அதன் நூலில் இன்னொன்று.
பிசிறைப் பிடித்திழுத்தால்
பனியன் பிரிந்துகொண்டே வருமே, அதுபோல.
பனியன் எங்கேயாவது முடிந்துவிடும்.

எதிர்வீட்டு ஜெயசுதா மாடியிலிருந்து,
"உப்பைக் கொட்டி உடுங்கக்கா. ஒரே நாள்ல போயிரும்."
வேண்டாம்.
சாயப்பட்டறை ஊற்றின உப்பையே
இந்த மண் இன்னும் செரிக்கவில்லை.
போர் தண்ணீரில் பருப்பு வேகாத ஊர் இது.

ஒரு ராத்திரி, குடத்தைச் சாய்க்கப் போன
என் முழங்கையை யாரோ பிடித்தார்கள்.
பூல்மணி. பீஸ் மடிக்கிறவள், ஜார்க்கண்டுக்காரி.
"வேணா அக்கா. இது சாப்பாடு."
மின்கம்பத்தைச் சுற்றிச்
சிவந்த தண்டோடு பாய் விரித்திருந்தது சாரணை.
கிள்ளிக் கிள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டாள்.
வீதி நாய்கள் காலைத் தூக்கும் கம்பம் அது.
எந்த மொழியில் சொல்ல?
நானே காலைத் தூக்கிக் காட்டினேன்.
விழுந்து சிரித்தாள்.
மூன்று தரம் கழுவுவேன் என்று
மூன்று விரலைக் காட்டினாள்.

பூண்டும் வரமிளகாயும் போட்டு வதக்கி
மறுநாள் ஒரு கிண்ணம் வந்தது.
அதற்கப்புறம் கம்பத்தடியில் நான் ஊற்றவில்லை.
கீழாநெல்லிக்கு யாரோ செங்கல் அணைத்திருந்தார்கள்.
கேட்டேன். ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை.

மாசக் கடைசியில் வெள்ளிங்கிரி வந்தார்.
கையில் புதுத்தோல், இளஞ்சிவப்பாக.
டப்பா இல்லை; தூக்குப்போசி மட்டும்.
நோட்டை நீட்டினார்.
'மூன்றாம் வீதி. மருந்து அடிக்கப்பட்டது.'
பக்கத்துக் கட்டம் என் பெயருக்காகக் காலியாக இருந்தது.
எழுதாவிட்டால் அவருக்குக் கூலி இல்லை.
எழுதினேன்.

எங்கள் பங்கு மருந்து எங்கே போனது என்று
நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

நாலாம் வீதி முழுக்க
நேற்றிலிருந்து மஞ்சளாய்க் காய்ந்து கிடக்கிறது.
தும்பை, துத்தி, தொட்டியில் யாரோ வைத்த துளசி வரைக்கும்.
அந்த வீதியில் செருப்பு எத்தனை ஜோடி
என்று எனக்குத் தெரியாது.

இன்றைக்கு எட்டரைக்கு வால்வைத் திறந்து
இரண்டு குடம் தனியாகப் பிடித்து வைத்தேன்.
தூரம்தான். போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும்.
பூல்மணி ஒன்றும் கேட்கவில்லை.
வேஸ்ட் துணி மூட்டையை அவிழ்த்து
குடத்தின் கழுத்துவரை
சுற்றத் தொடங்கினாள்.