மைனஸ் இருபத்தெட்டு

அடுப்பின் மேல் கெண்டி.
கெண்டி மூடியின் மேல் ஸ்பார்க் பிளக்.

அக்டோபரில் உதைத்தவனைத் திருப்பி உதைத்துக்
கணுக்காலை முறித்த வண்டி
கோபிப் பனியில் அப்படியே நிற்கிறது.
செர்மா அதன் வயிற்றுக்கடியில்
ஒரு தகரத் தட்டுச் சாணிக் கனலைத் தள்ளுகிறாள்.
எண்ணெய் இளக வேண்டும்,
தேன் அளவுக்காவது.

கூடாரத்துக்குள் படுத்தபடி கோம்போ:
சோக்கைப் போடு.
இல்ல, எடு.
பெட்ரோல் வாடை வருதா?
முட்டிய விறைக்காதே, என்னைப் பார்!

நடுவில் இரண்டு அடுக்குக் கம்பளி.

பிளக்கைச் சுடச்சுடத் திருகி உதைக்கிறாள்.
பதினேழு. பதினெட்டு.
ஒரு தும்மல். அப்புறம் ஒன்றுமில்லை.
கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள்.

இருபத்து மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.
ஒட்டகங்கள் தலை திருப்பின.
அவன் இன்னும் ஏதோ சொல்கிறான் போலிருக்கிறது.

எஞ்சின் சூடேறிவிட்டது.
இருந்தாலும்
இன்னும் கொஞ்ச நேரம்
ஓடட்டும்.