ஓரிரு இடங்களில்

"ஓரிரு இடங்களில்
இடியுடன் கூடிய கனமழைக்கு வாய்ப்பு"
என்று வானொலி சொன்னபோது
உரச்சாக்குகளுக்கு மேல்
தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தேன்.
ஐப்பசி பிறந்து பதினொரு நாளாய்
அதே வாக்கியம்.
ஓரிரு இடம் என்பது எப்போதும்
வேறு யாருடைய ஊராகவோ இருந்தது.

தாண்டிக்குடிக்கு இந்தப் பக்கம்
எழுபது ஏக்கர் காப்பித் தோட்டம்.
சம்பளப் பதிவேடும் மழைப் பதிவேடும் என் பொறுப்பு.
கிடங்குக்குப் பின்னால்
ஆரஞ்சு மரம் தாண்டி நிற்கிறது மழைமானி.
காலை எட்டரைக்குப் புனலைக் கழற்றி
அளவுக் குழாயில் ஊற்றி
கண்மட்டத்துக்குக் குனிந்து படிக்க வேண்டும்.
மூன்று. பன்னிரண்டு. ஒன்றுமில்லை. ஏழு புள்ளி நாலு.
இத்தனை வருஷத்து மேகமும் அவ்வளவுதான்.

அன்றைக்கு
மாலை ஆறுக்கே முதல் இடி
சில்வர் ஓக் வரிசையில் ஒரு தலையைத் தேடி எடுத்தது.
இரண்டாவது, மின்மாற்றியை.
அப்புறம் எண்ணவில்லை.
ஓட்டின் மேல் யாரோ
உளுந்து மூட்டையை அவிழ்த்துக் கொட்டி
நிறுத்த மறந்துபோனார்கள்.

பத்தரைக்குச் சாக்கைக் கொங்காணி போட்டுப் போனேன்.
மின்னல் வெளிச்சத்தில் ஓர் அடி,
இருட்டில் நின்று,
அடுத்த மின்னலில் அடுத்த அடி.
மழைமானி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.
அதற்கு மேல் எண் அதனிடம் இல்லை.
கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
ஒரு விரற்கடை ஏறிவிட்டது.

ஓடையின் சத்தம் மாறியிருந்தது.
தண்ணீர் சத்தம் இல்லை அது,
அடியில் கல் கல்லோடு பேசுவது.
பச்சை மண் வாசனை,
அப்போதுதான் பிடுங்கிய இஞ்சி போல.
மேலே எங்கோ சரிவு உடைந்துவிட்டது.

கிடங்குச் சுவர் ஞாபகம் வந்தது.
மாசியில் ஆட்டெரு ஏற்றி வந்த சீலமுத்து
கரிக்கட்டையால் எழுதிவிட்டுப் போன எண்.
"ஐப்பசியில கிடை அடிவாரத்து ஆத்துமணல்லதான்.
எரு வேணும்னா கூப்பிடுங்க."
கடைசி இலக்கம் ஒன்றா, ஏழா?

ஒற்றைக்கோடு சிக்னல்
உலர்களத்தின் நட்டநடுவில் மட்டும் கிடைக்கும்.
இடிக்குத் தலையைக் கொடுத்து நின்றேன்.
முதலில் ஒன்று.
தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண் திட்டினாள்.
பிறகு ஏழு.

"தண்ணியா? இங்க பொட்டுத் தூறல் இல்லியே, ரைட்டரம்மா.
வெள்ளி கொள்ளையா பூத்துக் கெடக்கு."

அவர் பொய் சொல்லவில்லை.
மேகம் பிளந்த ஒரு நொடியில் நானும் பார்த்தேன்:
கீழே பட்டிவீரன்பட்டி விளக்குகள்
துடைத்து வைத்ததுபோல் எரிந்தன.
நட்சத்திரம் பார்த்துப் படுத்திருப்பவரிடம்
என் மேல் விழும் மழையை எப்படிச் சொல்ல?
எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால்
என்னிடம் எண்கூட இல்லை.

போனை ஓடைப் பக்கம் நீட்டினேன்.
வாய் திறக்கவில்லை.
கல் பேசியது.

மறுமுனையில் சற்று நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு சீழ்க்கை.
நாய்.
ஒரு கழுத்துமணி, அப்புறம் எத்தனையோ.
"குட்டிக் கூடையத் தூக்குடா, வலையை விட்ரு"
என்று யாரையோ அதட்டும் குரல்.
அதோடு கோடு அறுந்தது.

காலை எட்டரைக்குப் பதிவேட்டில்
'வழிந்தது' என்று எழுதினேன்.
எண்ணுக்கான கட்டத்தில் எழுத்து இருக்கக் கூடாதாம்,
பிற்பாடு மேலாளர் கோபித்துக்கொண்டார்.
சாலை இரண்டு இடத்தில் அறுந்து
மூன்று நாள் யாரும் வரவில்லை, போகவில்லை.
வானொலி சொன்னது:
ஓரிரு இடங்களில் கனமழை பதிவானது.

நாலாம் நாள் அவரே கூப்பிட்டார்.
"மூணு உருப்படி குறையுது. பட்டி வலை போச்சு.
கரையேறி நின்னு பாத்தோம், ரைட்டரம்மா,
முழு மரம், வேரோட, நின்னுக்கிட்டே போச்சு.
அப்பவும் மேல வெள்ளிதான்."
கொஞ்சம் இருமினார்.
"இந்த வருசம் எரு கேக்காதீங்க.
அம்புட்டும் ஆத்தோட."

போனை வைத்துவிட்டு
கரிக்கட்டை தேடினேன்.
சுவரில் அந்த ஏழின் கொம்பை
நன்றாகத் தடித்து எழுதினேன்.