காலர் மைக்

ஒத்தக்கடையில் மைக்செட் கடை வைத்திருக்கிறேன்.
சடங்குக்கும் இழவுக்கும்
வார்டு கவுன்சிலர் பிறந்தநாளுக்கும்
அதே நாலு பாக்ஸ்தான்.
வியாழக்கிழமை மட்டும் வாக்குச் சாமிக்கு.

சாமி முன்பு திருமங்கலம் டெப்போவில் டைம்கீப்பர்.
வராத பஸ்ஸை வரும் என்று சொல்லிச் சொல்லி
வாக்கு பலித்த ஆள் என்பார்கள் பொறாமைக்காரர்கள்.
சில பஸ் வந்தும் இருக்கிறதாம்.

அவர் குரலுக்கு எக்கோ வைப்பது நான்.
முதலில் இரண்டு.
மண்டபம் நிறைந்து டீக்கடை வரை ஆள் நின்ற அன்று
செவ்வந்தியப்பன் காதோரம் வந்து
"இன்னும் கொஞ்சம்ணே" என்றான்.
மூன்றரைக்குத் திருகினேன்.
"எந்திரி தாயி" என்று சாமி ஒருமுறைதான் சொன்னார்,
கூரையும் சுவரும் யானைமலையும் சொல்லின மிச்சத்தை.

எழுந்தது விக்கிரமங்கலத்துப் பெண்.
சக்கர நாற்காலியை விட்டு ஏழடி.
குலவை, அழுகை, யாரோ ஒருவர் செருப்பு என் ஒயரில் மாட்டியது.
காலையில்
ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால்
அவள் வடை வாங்க நடந்து போனதைப் பார்த்திருந்தேன்.
பச்சைமிளகாயைக் கடித்துவிட்டுத் துள்ளினாள்.

தட்டு சுற்றும் நேரம்
சாமி பின்னறைக்குப் போனார்,
காலர் மைக்கை அணைக்காமல்.
வெளிச்சத்தத்தை இறக்கினேன்.
ஹெட்போனைக் கழற்றவில்லை.
பதினேழு வருஷத் தொழிலில் இது தப்பு என்று தெரியும்.
காதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்,
ஒரு சிரிப்புக்காக. நோட்டு எண்ணும் சத்தத்துக்காக.
சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்.

தண்ணீர் குடித்தார்.
"செவ்வந்தி, நெசமாவே நடந்துச்சா அந்தப் புள்ள?"
"நடந்துச்சு சாமி, நீங்கதான நடக்க வச்சீங்க."
"எத்தன வருசமா நடக்கலயாம்?"
"ஆறு."

பிறகு ஃபேன் மட்டும்.
சும்மா இருப்பதையும் அளக்கப் பழகிய காது இது.
பதினோரு விநாடி.
இன்னொரு கேள்வி அவர் வாய்வரை வந்தது,
நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் ஈரச் சத்தம்
தெளிவாகவே கேட்டது.
அப்படியே விழுங்கிவிட்டார்.

கதவு சாத்திப் போனான் செவ்வந்தியப்பன்.
அதன்பின் ஒரு விம்மல்,
"அம்மா, என்னையவா" என்று.
நடிப்பு என்றால் யாருக்கு?
நான் கேட்பது அவருக்குத் தெரியாது.

ஏமாந்த மனுஷனா,
ஏமாற்றுகிற மனுஷனா?
மேலூர் ரோட்டிலிருந்து பார்த்தால் மலை படுத்த யானை.
ஏறி நின்றால் பாறை, வெயில், ஆட்டுப்புழுக்கை.
தான் யானை இல்லை என்று மலைக்குத் தெரியுமா என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.
ஆனால் மலை தட்டு நீட்டுவதும் இல்லை.
இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.
அந்தப் பதினோரு விநாடிக்குள் நுழைந்தவர் ஒருத்தர்,
வெளியே வந்தவர் வேறு ஒருத்தர்,
இரண்டு பேரும் உடுத்தியிருந்தது ஒரே வேட்டி.

ராத்திரி ஒயர் சுற்றும்போது மேடை முழுக்க
மாத்திரை அட்டைகள்.
மருந்தைக் காலடியில் விட்டுவிட்டுப் போங்கள் என்பது
வாரா வாரம் வரும் வாக்கு.
பெரியாஸ்பத்திரிக் காகித உறை ஒன்றில்
பேனாவில் எழுதியிருந்தது: பஞ்சவர்ணம், காலை, இரவு.
உள்ளே எட்டு மிச்சம்.
வலிப்புக்கு உள்ளது, நிறுத்தக் கூடாது என்றார் மெடிக்கல்காரர்.

அன்றைய கூலியில் ஐந்நூறு கூடுதலாக இருந்தது.
எண்ணிப் பார்த்தேன்,
எதற்கு என்று கேட்கவில்லை.

அடுத்த வியாழன்
சாமி வர இன்னும் அரைமணி.
பெண்கள் பக்கம் நிரம்பிக்கொண்டிருந்தது.
உறை சட்டைப் பையில்.
மைக் என் கையில்தான்.
இங்க பஞ்சவர்ணம்னு யாராவது,
அவ்வளவுதான், நாலு சொல்.
எல்லாரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஹலோ, என்றேன்.
ஹலோ, ஹலோ.
மைக் டெஸ்ட்டிங்.